சும்மா ஒருநாள் குடும்பிமலைக்கு

"எங்க போறீங்க?" என்று தன்னாமுனைச் சந்தியில் வைத்துப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. மாசி மாதத்துச் சனிக்கிழமை, காலை ஆறு மணி. நானும் கணவரும் மோட்டார் சைக்கிளில் இருக்கிறோம். மகள் கூட இல்லை. கையில் அர்ச்சனைத் தட்டு இல்லை, கிளினிக் கொப்பி இல்லை, கூட்டத்துக்குப் போகும் பைலும் இல்லை.

"சும்மா அக்கா. குடும்பிமலைப் பக்கம் போயிட்டு வாறம்."

"சும்மாயா? நேர்த்தி கீர்த்தி ஏதும் வச்சிரிக்கீங்களா?"

"இல்லக்கா. நடக்கப் போறம்."

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கணவரிடம், "தம்பி, புள்ளைக்கு ஒண்டும் சுகமில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். நடக்கப் போவது என்றால் டொக்டர் சொல்லித்தான் போகவேண்டும் என்பது அவருடைய கணக்கு. எனக்குச் சிரிப்பு வந்தாலும் அக்காவைக் குறை சொல்ல முடியாது. நம்மூரில் ஒரு பெண் படலையைத் தாண்டுவதற்கு வைத்தியசாலை, கோவில், கலியாணம், செத்த வீடு, வேலை என்று சில காரணங்கள்தான் இருக்கின்றன. இவற்றில் எதுவுமில்லாமல் புருசனோடு சேர்ந்து ஒருநாள் முழுக்க வெளியே போவதற்கு "சும்மா" என்பதைவிட வேறு சொல் எனக்கும் தெரியவில்லை.

சகோதரிகளே, நான் பன்னிரண்டு வருடங்களாக வீடு வீடாகப் போய் உங்களைப் போன்ற பெண்களோடு கதைப்பதைத்தான் தொழிலாகச் செய்கின்றேன். எங்களுடைய படிவங்களில் ஒரு கேள்வி உண்டு. "ஒரு வாரத்தில் உங்களுக்காக மட்டும் செலவிடும் நேரம் எவ்வளவு?" இந்தக் கேள்வியை வாசித்தவுடன் பெரும்பாலான பெண்கள் சிரித்துவிடுவார்கள். ஒரு அம்மா, "நித்திரை கொள்ளுறதையும் சேக்கலாமா மனே?" என்று கேட்டார். நான் அதையும் எழுதிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வியை எனக்கு நானே ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு பயிற்சியின்போது, ஜப்பானில் 1982ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு வனத்துறை "வனக் குளியல்" என்று ஒன்றை மக்களுக்குப் பரிந்துரைக்கத் தொடங்கியதைப் பற்றிச் சொன்னார்கள். தண்ணீரில் குளிப்பதுபோல மரங்களுக்கிடையில் ஆறுதலாக நடந்து, காற்றையும் மணத்தையும் சத்தத்தையும் உடம்பில் வாங்கிக்கொள்வதாம். மன அழுத்தத்துக்கு நல்லதாம். எனக்குப் பக்கத்தில் இருந்த படுவான்கரைப் பெண் ஒருவர், "நாங்க சின்னனில இருந்து விறகுக்குப் போய்க் குளிச்சிக்கிட்டுத்தானே இரிக்கம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் விறகுக்குப் போகும்போது தலையில் சுமை, மனதில் யானைப் பயம், வீட்டில் அடுப்பு. காடு கண்ணில் படுவதில்லை.

குடும்பிமலைக்குப் போகலாம் என்று சொன்னது நான் அல்ல, என் கணவர். பதினொரு வருடத் திருமண வாழ்க்கையில் அவர் தானாக "போவமா?" என்று கேட்ட இடம் அது ஒன்றுதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கின்றேன்.

தன்னாமுனையிலிருந்து வடக்கே திருகோணமலை வீதியில் போனால் மயிலம்பாவெளி, ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, மாவடிவேம்பு, சித்தாண்டி, முறக்கொட்டான்சேனை, சந்திவெளி, கிரான் என்று ஊர்கள் தொடுத்தாற்போல வரும். இந்த வீதியில் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் காட்சி மட்டும் தெரிவதில்லை. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் 5ஆம் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், அவர்கள் திரும்பவில்லை. அதற்கு நான்காம் நாள் எங்கள் ஊருக்குத் தெற்கே சத்துருக்கொண்டானில் நடந்ததை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை. நான் சமூகவியல் படித்தது அதே வந்தாறுமூலை வளாகத்தில்தான். நான்கு வருடங்கள் அந்த மரங்களுக்குக் கீழே இருந்து வடை தின்று, நோட்ஸ் எழுதி, சிரித்துக் கதைத்திருக்கின்றேன். அப்படித்தான் இந்த வீதியில் எல்லோரும் வாழ்கின்றோம்.

அன்று காலை வீதி முழுக்க நெல் காய்ந்தது. பெரும்போக வெட்டு நடக்கும் காலம் அது. மார்கழி, தை மழை விட்டு, வயலும் வாய்க்காலும் இன்னும் ஈரமாக, மரமெல்லாம் புதிதாகக் கழுவிவிட்டதுபோல இருக்கும். வெயில் ஏறினாலும் சுடாது. பனியும் குளிரும் உள்ள நாடுகளில் வசந்தம் என்று ஒன்றைக் கொண்டாடுவார்கள். நமக்கு அப்படி ஒன்று உண்டென்றால் அது இந்த மாசி மாதம்தான் என்று நான் நினைப்பதுண்டு. பங்குனி பாதிக்குப் பிறகு காய்ச்சல்போலச் சூடு வந்துவிடும்.

சித்தாண்டியில் மாமி வீடு. வாசிப்பவர்களில் வெளி மாவட்டத்துச் சகோதரிகளும் இருப்பதால் இதைச் சொல்லிவிடுகின்றேன். எங்கள் மட்டக்களப்பில் திருமணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது வழக்கம். வீடுவளவு பெண்ணின் பெயரில் இருக்கும். அதனால் நான் மாமியாரோடு ஒரு கூரைக்குக் கீழே இருந்ததில்லை. எங்களுக்குள் சண்டை இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று என் தோழிகள் சொல்வார்கள்.

முதல் நாள் போனில் சொல்லியிருந்தோம். மாமி விடியவே எழும்பிச் சமைத்திருந்தார். ஆனால் முகம் சரியில்லை.

"அங்க என்னத்துக்கு மனே? வேற இடமா இல்ல? பாசிக்குடாவுக்குப் போனா கடலைப் பாத்துட்டு வரலாமே."

"சும்மா பாத்துட்டு வாறம் அம்மா."

"சும்மா ஆரும் அந்தக் காட்டுக்குப் போவாங்களா?"

இவர் ஒன்றும் பேசவில்லை. மாமியும் மறுகா ஒன்றும் சொல்லவில்லை. வாழையிலையில் கட்டி, மேலே பேப்பர் சுற்றி, நூல் போட்ட சோற்றுப் பொதிகளை ஒரு பையில் வைத்து என் கையில் தந்தார். பை பாரமாக இருந்தது. "ரெண்டு பேருக்கு இவ்வளவா மாமி?" என்று கேட்டேன். "காட்டுக்குப் போனாப் பசிக்கும்" என்றார்.

மாமிக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். 2001ஆம் ஆண்டு, பதினாறு வயதில், பின்னேர டியூசனுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனார்கள், எந்தப் பக்கம் கொண்டுபோனார்கள் என்பதெல்லாம் அடுத்த நாளே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? மாமி மூன்று முறை அந்த முகாம் வாசலுக்குப் போய் அழுதிருக்கிறார். ஒரு முறை தூரத்தில் வைத்துக் காட்டினார்களாம். அதற்குப் பிறகு, அப்போது பதின்மூன்று வயதாக இருந்த என் கணவரை ஊரைவிட்டுத் தூரத்தில் ஒரு விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். மிஞ்சியதைக் காப்பாற்றும் வழி அதுதான் என்று பட்டது.

2004 மார்ச்சில் இயக்கம் இரண்டாகப் பிரிந்து, ஏப்ரலில் காட்டில் இருந்த பிள்ளைகள் பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். உங்களில் பலருக்கு அந்த நாட்கள் ஞாபகம் இருக்கும். சிலர் நடந்தும், சிலர் லொறியிலும் வந்தார்கள். மாமி மூன்று நாட்கள் கிரான் சந்தியில் நின்றார். நாலாம் நாள், வந்த பிள்ளைகளில் ஒரு பெண் பிள்ளை, "அண்ணாவை ஒரு மாசத்துக்கு முன்ன குடும்பிமலைப் பக்கம் கண்டேன்" என்று சொன்னாளாம். அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த கடைசித் தகவல் அது. அதன் பிறகு நிரப்பிய படிவங்களை மாமி ஒரு ரின் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அவற்றில் சிலவற்றை நிரப்பிக் கொடுத்ததே நான்தான்.

கிரான் சந்தியில் இடது பக்கம் திரும்பினால் புலிபாய்ந்தகல் வீதி. மாரி காலத்தில் இந்தப் பாதை வெள்ளத்துக்குள் போய்விடும். வருடாவருடம் கார்த்திகை, மார்கழியில் மக்கள் தோணியிலும் உழவு இயந்திரத்திலும் கடப்பதைப் பத்திரிகையில் படமாகப் போடுவார்கள். ஆசிரியர்களும் தாதிமாரும் கர்ப்பிணிகளும் அந்தத் தோணியில்தான் போய்வருவார்கள். நாங்கள் போன அன்று தண்ணீர் வற்றி, பாலத்துக்கு இரு பக்கமும் சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. கரையில் மருதமரங்கள். அடிமரத்தில் வெள்ளம் வந்த உயரத்துக்குக் குப்பையும் வைக்கோலும் சிக்கிக் காய்ந்திருந்தன. என் தலைக்கு மேலே இருந்தது அந்த அடையாளம்.

பாலம் தாண்டினால் வெளியும் பற்றையும் மாடுகளும்தான். பால் கான்களைக் கட்டிக்கொண்டு எதிரே வந்த ஒரு ஐயா வண்டியை நிறுத்தி, "மூண்டு மணிக்கு முன்ன திரும்பிருங்க, நேற்றும் ஆனை நிண்டது" என்று எச்சரித்தார். எங்கள் மாவட்டத்தில் நாம் தின்னும் தயிரில் பெரும்பங்கு இந்தப் பக்கத்து மாடுகளிலிருந்துதான் வருகிறது. இதற்கு அப்பால் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகள். அங்கே வெளியார் வந்து பயிர் செய்வதற்கு எதிராகப் பால் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி சித்தாண்டியில் தொடங்கிய போராட்டம் வருடக் கணக்கில் நீண்டது. அந்தக் கொட்டகையில் மாறி மாறி இருந்தவர்களில் பெண்களும் உண்டு. விடியப் பால் கறந்து அனுப்பிவிட்டு, பகலில் போராட்டத்தில் இருந்துவிட்டு, பின்னேரம் கன்று கட்டப் போவார்கள். மாட்டுக்குப் புல் இல்லை என்றால் பிள்ளைக்குக் கொப்பி இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்த பொருளாதாரம்.

தரவைப் பக்கம் வந்தபோது இவர் வேகத்தைக் குறைத்தார். மாவீரர் துயிலுமில்லம் இருந்த இடம். கார்த்திகை மாதத்தில் அங்கே விளக்கேற்றச் சனம் போகும். மாமி ஒருநாளும் போனதில்லை. "விளக்கு வைக்கிறது செத்த ஆக்களுக்கு" என்று ஒருமுறை சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நாங்களும் இறங்கவில்லை.

மலை அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. காட்டின் மேலே தனியாக எழும்பி நிற்கும் மலை, உச்சியில் திரண்ட பாறை. கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீற்றருக்குச் சற்று மேல். தலையில் முடிந்த குடும்பிபோல இருப்பதால் தமிழில் குடும்பிமலை. சிங்களத்தில் தொப்பிகல. வெள்ளைக்காரர் "பாரன்ஸ் கப்", அதாவது பிரபுவின் தொப்பி, என்று வரைபடத்தில் எழுதினார்கள். மூன்று பேரும் ஓர் ஆண்பிள்ளையின் தலையைத்தான் பார்த்திருக்கிறார்கள். என் மாமியோ, "பானைக்கு மேல சட்டியைக் கவிழ்த்து வச்ச மாதிரி" என்பார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

2007 ஜூலை 11ஆம் திகதி இராணுவம் இந்த மலையைக் கைப்பற்றியது. கிழக்கில் யுத்தம் முடிந்துவிட்டது என்று அரசாங்கம் அறிவித்து, அந்த மாதம் 19ஆம் திகதி கொழும்பில் விழா எடுத்தது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சுற்றுப்புறமெல்லாம் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் கூடாரங்கள். தொலைக்காட்சியில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் வளவில் இருந்த இடம்பெயர்ந்த குடும்பத்துச் சின்னப் பிள்ளை அந்தச் சத்தத்துக்கு மேசைக்குக் கீழே ஓடிப்போய் ஒளித்துக்கொண்டது. குடும்பிமலை என்றால் இவ்வளவு காலமும் எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வரும்.

யுத்தம் முழுவதும் முடிந்து சில வருடங்களில் மலையடிவாரத்தில் மரபுரிமைப் பூங்கா என்று ஒன்றை இராணுவம் அமைத்தது. காட்சிக் கூடமும் உண்டு. நாங்கள் அதற்குள் போகவில்லை. அதில் யாருடைய கதை எவ்வளவு இருக்கும் என்று அளந்து பார்க்கும் மனநிலை அன்று இருக்கவில்லை. அங்கே நின்ற சிப்பாய்க்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. 2007இல் அவரும் மேசைக்குக் கீழே ஒளியும் வயதில் இருந்திருப்பார். அரைகுறைத் தமிழில், "எதுக்கு வந்தது?" என்று கேட்டார்.

"சும்மா" என்றேன்.

"ஆ, நிகங்!" என்று சிரித்தார். சிங்களத்தில் சும்மா என்பதற்கு அதுதான் சொல். அன்று காலையிலிருந்து அந்தப் பதிலை ஏற்றுக்கொண்ட முதல் ஆள் அவர். தண்ணீர்ப் போத்தல் இருக்கிறதா என்று பார்த்து, பாதையைக் கையால் காட்டிவிட்டார்.

எனக்கு முதலில் வேண்டியிருந்தது பாதை அல்ல, கழிப்பறை. பயணக் கட்டுரை எழுதும் ஆண்கள் இதை எழுதுவதில்லை. வெளிக்கிட்டால் எங்கே போவது என்ற யோசனையில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்திருந்தேன். நம்மில் எத்தனை பேருக்குப் பயணம் என்றாலே தலையிடி வருவதற்கு இதுதான் காரணம் என்று தெரியுமா? குழுவாகப் போகிறவர்கள் முதலில் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். பிறகு வயிறு நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

காட்டுக்குள் நுழைந்ததும் சத்தம் மாறிவிட்டது. மோட்டார் சைக்கிள் இரைச்சல் காதிலிருந்து போகக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு மணிப்புறா, எங்கோ ஒரு மயில், காய்ந்த சருகில் ஓணான் ஓடும் சத்தம். பாலை, வீரை, முதிரை மரங்கள். மழை விட்டு அதிக நாளாகாததால் பாறை இடுக்குகளில் இன்னும் நீர் கசிந்தது. பாதையோரம் யானை இலத்தி கிடந்தது. இவர் குனிந்து பார்த்து, "காய்ஞ்சிட்டு, பயமில்ல" என்றார்.

தடத்தை விட்டு விலகிக் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. 2017இல் மட்டக்களப்பு மிதிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதைப் பற்றிக் கிராமக் கூட்டங்களில் விளக்கம் சொன்னவள் நான். ஆனாலும் என் கால் அதை நம்பவில்லை. சிவப்பு நிற மண்டையோட்டுப் பலகை பார்த்து வளர்ந்த கால் அது. இவர் ஒரு பழுத்த இலையைப் பொறுக்கத் தடத்தை விட்டு நாலடி போனபோது, "இஞ்சருங்க, வாங்க இங்கால" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். அவர் நின்று, வந்த காலடியிலேயே திரும்பி வந்தார். அவருடைய காலும் நம்பவில்லை.

உச்சி வரை ஏறினோம் என்று எழுத ஆசைதான். ஏறவில்லை. ஏற்றம் தொடங்கி அரை மணித்தியாலத்துக்குள் என் செருப்பு வார் அறுந்தது. வீட்டுக்கு வீடு போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு மலைக்கு வந்தது என் பிழை. அறுந்த வாரைச் சோற்றுப் பொதி நூலால் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சத் தூரம் போனோம். பிறகு ஓர் அகன்ற பாறை வந்தது. ஒரு பக்கம் மரநிழல். மற்றப் பக்கம் வெளி. கீழே காடு, அதற்கு அப்பால் வயல், தூரத்தில் வெயில் பட்டு மினுங்கும் தண்ணீர். குளமோ ஆறோ தெரியவில்லை. அந்தத் திசையில்தான் சித்தாண்டி. இருவரும் அங்கேயே இருந்துவிட்டோம்.

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. எங்கள் வீட்டில் அமைதி என்றால் யாரோ கோபம் என்று அர்த்தம். இங்கே அப்படி இருக்கவில்லை.

பிறகு அவர் சொன்னார். "அண்ணாக்கு இருட்டெண்டாச் சரியான பயம். ராவில வெளிக்குப் போறதெண்டா என்னைத்தான் எழுப்புவான். எனக்கு நித்திரை கெட்டுப் போகும், ஏசுவன். ஒருநாள் எழும்பமாட்டன் எண்டு படுத்துட்டன். விடியமட்டும் அடக்கிக்கிட்டு இருந்திருக்கான்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் காட்டுக்குள்ள ராவில ஆரைடா எழுப்பியிருப்பான்?"

பதினொரு வருடத்தில் அண்ணாவைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் கதை இது. பெயரும் வயதும் திகதியும் எனக்குத் தெரியும், படிவத்தில் எழுதியிருக்கின்றேன். இருட்டுக்குப் பயந்த பிள்ளை என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. அதற்கு இடம் விட்ட படிவம் எதையும் நான் கண்டதுமில்லை. செவிமடுத்தல் பற்றிய பயிற்சி பல எடுத்திருக்கின்றேன், சொல்லியும் கொடுத்திருக்கின்றேன். அன்று ஒன்றும் வாயில் வரவில்லை. செருப்பு நூலைப் பிடித்து அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தேன். அவர் இன்னும் இரண்டு மூன்று கதைகள் சொன்னார். அவற்றை இங்கே எழுதவில்லை. ஒன்றில் நன்றாகச் சிரித்தோம்.

பசி வந்தது. பையைத் திறந்தேன். மூன்று பொதிகள் இருந்தன.

ஏறும்போது மேலே இருந்த ஒன்றின் நூலை அவிழ்த்தேனே தவிர, எத்தனை என்று எண்ணவில்லை. மூன்றும் ஒரே அளவு. சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, கருவாட்டுப் பொரியல், சம்பல். ஒன்றில் மட்டும் ஒரு முட்டையும் அவித்து வைத்திருந்தது. இவர் அதைப் பார்த்துவிட்டு, "அவனுக்கு முட்டை எண்டா விருப்பம்" என்றார்.

எங்கள் இரண்டு பொதியையும் தின்று முடித்தோம். மூன்றாவதை என்ன செய்வது என்று தெரியவில்லை. காட்டில் வைத்துவிட்டு வரலாமா என்று நினைத்தேன். குரங்கோ பறவையோ தின்னும். ஆனால் அது படையல்போல ஆகிவிடும். படைப்பது யாருக்கு என்று மாமி கேட்டால் என்ன சொல்வது? திருப்பிக் கொண்டுபோனாலும் மாமி பார்ப்பார்.

"ரெண்டு பேரும் தின்னுவம்" என்றார் இவர். முட்டையைப் பாதியாகப் பிட்டு என் இலையில் வைத்தார். வயிறு நிறைந்திருந்தும் ஒரு பருக்கை மிச்சம் விடாமல் தின்றோம்.

இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கினோம். வாசலில் நின்ற தம்பி, "மேல போனதா?" என்று கேட்டார். பாதிதான் என்றோம். "பரவாயில்ல, மலை ஓடாது" என்றார். நல்ல தமிழ்.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு சில விடயங்கள். மாசி, பங்குனிதான் நல்ல காலம். கார்த்திகை தொடக்கம் தை வரை கிரான் பாதையில் வெள்ளம் இருக்கிறதா என்று விசாரிக்காமல் போகவேண்டாம். தனியாகப் போகாமல் ஆறேழு பேராக ஒரு வானில் போனால் செலவும் குறையும், பயமும் குறையும். பாதையையும் யானையையும் பற்றிக் கிரானிலேயே பால்காரர்களிடம் கேளுங்கள். அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. வார் போட்ட நல்ல சப்பாத்து வேண்டும். பொலித்தீன் பையைக் காட்டில் போட்டுவிட்டு வரவேண்டாம், மாடுகள் தின்றுவிடும். எங்கள் மாதாந்தச் சிறுகுழுக் கூட்டம் ஒன்றை அங்கே வைக்கலாமா என்று நான் யோசிக்கின்றேன். அந்தப் பக்கம் பார்க்கவே விரும்பாத பெண்களும் குழுவில் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்துவது சரியில்லை. அவர்களுக்கு வேறு இடம் பார்க்கவேண்டும்.

சித்தாண்டிக்கு வந்தபோது நாலு மணி இருக்கும். மாமி படலையடியிலேயே கதிரை போட்டு இருந்தார். எப்போதிலிருந்து இருந்தாரோ தெரியவில்லை. நாங்கள் இறங்குவதற்குள், "சோறு காணுமா இருந்திச்சா?" என்று கேட்டார்.

"காணும் அம்மா. எல்லாம் திண்டம்" என்றார் இவர்.

மாமி பையை வாங்கி உள்ளே பார்த்தார். மடித்து வைத்த மூன்று வாழையிலையும் அதற்குள் இருந்தன. ஒன்றும் கேட்கவில்லை. இலைகளை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, நூல்களை எடுத்து விரலில் சுற்றினார்.

"மற்ற நூல் எங்க?"

நான் காலைத் தூக்கிக் காட்டினேன். மாமி சிரித்தார். தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனவர் வாசற்படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"அங்க நிழல் இரிக்கா மனே?"

"இரிக்கு அம்மா. பாலை மரம், வீரை மரம், நல்ல நிழல். பாறையில தண்ணியும் கசியுது."

"ம்" என்றார் மாமி.

தேத்தண்ணி குடித்துவிட்டு, மகளுக்கென்று தந்த தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டோம். வந்தாறுமூலை தாண்டும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. தன்னாமுனையில் வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் வானம் சிவந்திருந்தது. சந்தியில் அதே அக்கா நின்றார்.

"போயிட்டு வந்தாச்சா? என்ன இரிக்கு அங்க?"

"மலை இரிக்கு அக்கா" என்றேன். "அடுத்த முறை நீங்களும் வாங்களன்."

"எனக்கெங்க நேரம்" என்றார் அக்கா. பிறகு, நாங்கள் நகரும்போது, "வான் எவ்வளவு கேப்பாங்க?" என்று பின்னாலிருந்து கேட்டது.